இடையன்குடியில் உறங்கும் கால்டுவெல்



தமிழ் வேறு மொழியிலிருந்து பிறந்ததல்ல, தனித்து நிற்கும் மொழி என்று இன்றைக்கு மேடைக்கு மேடை பேசுகிறோம். அதைச் சான்று காட்டி உலகத்துக்கு எழுதிவைத்தவர், திருநெல்வேலிச் சீமையில் பனையேறிகள் வாழ்ந்த ஒரு சிற்றூரில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். அந்த ஊர்க் கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியும் இருக்கிறார். அவர்தான் பிஷப் ராபர்ட் கால்டுவெல்.

1814ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி அயர்லாந்தில், ஸ்காட்லாந்துக்காரப் பெற்றோருக்குப் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1838 ஜனவரியில், 23 வயதில், லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் வந்து இறங்கினார். மூன்று வருஷம் அங்கே தமிழ் படித்தார். 1841இல் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, தெற்கே கிளம்பினார். பல்லக்கு, வண்டி எல்லாம் வேண்டாம் என்று கால்நடையாகவே நடந்தார். ஜனங்களின் பேச்சையும் பழக்கத்தையும் நடந்து பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் எண்ணம். அப்படி நடந்து போய்ச் சேர்ந்த ஊர்தான் இடையன்குடி.

அது செம்மண் தேரி. காற்றடித்தால் மணல் பறக்கும். பனையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. காலையிலும் மாலையிலும் மரம் ஏறிப் பதனீர் இறக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வெந்து கருப்பட்டி காய்ச்ச வேண்டும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டிய நம் ஜனங்களுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. உழைப்பு மட்டும் போதாதென்று, மேல்சாதிக்காரர் முன்னால் ஒதுங்கி நிற்க வேண்டிய அவமானமும் அந்த மக்களுக்கு இருந்தது.

அந்த ஊரில்தான் கால்டுவெல் பள்ளிக்கூடம் நடத்தினார். கிணறு வெட்டி, தெருவை ஒழுங்குபடுத்தினார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோயில் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழ் மண்ணில் வளர்ந்தவர். அந்த அம்மாள் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும், லேஸ் பின்னும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையில் சொந்தமாக நாலு காசு புழங்க அது வழி செய்தது.

இத்தனை வேலைக்கும் நடுவில்தான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரே குடும்பம். சமஸ்கிருதம் அவற்றுக்குத் தாயல்ல என்று சொல் சொல்லாக எடுத்துவைத்தார். அவருக்கு முன்பே 1816இல் எல்லிஸ் என்ற அதிகாரி இதைக் கோடி காட்டியிருந்தார். முழுக் கட்டடம் எழுப்பியவர் கால்டுவெல்தான். 1875இல் அதையே விரிவாக்கி இரண்டாம் பதிப்பும் போட்டார். 1881இல் திருநெல்வேலியின் வரலாற்றையும் எழுதினார்.

தொழிற்சங்கத்தில் இருக்கிற நாம், ஒருவரைப் புகழும்போது குறையை மறைக்கக் கூடாது. 1849இல் சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட மக்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதிலே அவர்களைத் தாழ்த்திச் சொன்ன கருத்துகள் இருந்தன. சட்டம்பிள்ளை போன்றவர்கள் கொதித்து எழுந்தார்கள். எதிர்ப்பு பல வருஷம் ஓயவில்லை. நல்லது செய்தவராக இருந்தாலும், நம்மைப் பற்றி அவர் எழுதிய தவறுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த மக்கள் காட்டிவிட்டார்கள். அந்த ரோஷமும் இந்தக் கதையில் ஒரு பங்குதான்.

இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல் போட்டார்கள். முடிந்தது 1880இல். 33 வருஷம்! நடுவிலே 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே சுருட்டிப்போட்ட தாது வருஷப் பஞ்சமும் வந்து போனது. 1877இல் கால்டுவெல் பிஷப் ஆனார். கோயில் வேலை தொடங்கியபோது தோளில் இருந்த குழந்தை, அது முடிந்தபோது தானே பிள்ளை குட்டி பெற்ற ஆளாக நின்றிருக்கும்.

1883இல் தூத்துக்குடிக்குப் போனார். உடல் தளர்ந்து 1891இல் கொடைக்கானலில் ஓய்வெடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி அங்கேயே காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்கே கொண்டுவந்து, அந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் எலைசா அம்மாளுக்கும் அங்கேதான் இடம்.

1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது மாநாடு 1968இல் சென்னையில் நடந்தபோது, கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக்கியது.

தோழர்களே, பிஷப்புக்குச் சிலை உண்டு. கல் சுமந்தவனுக்குச் சிலை கிடையாது. ஆனாலும் அந்தக் கோயில் நிற்கிறவரை அவன் உழைப்பும் நிற்கிறது. நம்ம நிலைமையைப் பாருங்க. தோட்டத்தை விட்டு மெர்கோங், சுங்கை பட்டாணி, கூலிம் என்று டவுன் பக்கம் குடிபோய்விட்டோம். பாட்டன் பாட்டியைப் புதைத்த இடம் செம்பனைக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கிறது. தோட்டம் கைமாறும்போது யாரும் கேட்கவில்லை என்றால், அந்த இடம் தடம் தெரியாமல் போய்விடும்.

ஆகவே இதைச் செய்யுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை அழைத்துப்போய், எந்தக் குழி யாருடையது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுங்கள். தோட்டத்து இடுகாடும் கோயில் நிலமும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நில அலுவலகத்தில் நாலு பேராகப் போய் விசாரியுங்கள். விற்ற பிறகு அழுது பிரயோஜனமில்லை. விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் அடக்கத்தை ஒரு பனங்காட்டு ஊர் இத்தனை காலம் காத்து நிற்கிறது. நம்மைப் பெற்றவர்களின் இடத்தை நாம் காக்க மாட்டோமா?