சுவருக்கு அப்பால் மணி அடித்தவர்

1895-ம் ஆண்டு. கல்கத்தா நகர மண்டபம். சபையோர் முன்னால் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நின்றார். அவருக்கு வயது 36. அவர் தம் கருவியை இயக்கினார். 75 அடி தூரத்தில், சுவர்களுக்கு அப்பால், மணி ஒன்று கணகணவென்று அடித்தது! வெடிமருந்து படாரென்று வெடித்தது!

இடையிலே கம்பி கிடையாது. கயிறு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று சுவரைக் கடந்துபோய் அந்த வேலையைச் செய்தது. சபையோர் அதிசயித்தார்கள்.

அந்த ஆசிரியர்தான் ஜகதீச சந்திர போஸ்.

இன்று எல்லா வீட்டிலும் ஒரு புகார் உண்டு. முன்னறையில் செல்போன் நன்றாகப் பேசுகிறது, அடுக்களைக்குப் போனால் சிக்னல் இல்லை என்பார்கள். சிக்னல் என்பதும் கண்ணுக்குத் தெரியாத அந்த அலையேதான். எந்தப் பொருள் அதை விடும், எது தடுக்கும், சோர்ந்து வருகிற அலையை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் நம் நாட்டில் முதன்முதல் துருவித் துருவி ஆராய்ந்தவர் போஸ்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி போஸ் பிறந்தார். அன்றைய வங்காளத்தில், இப்போது வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊர். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்து அதிகாரிகள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பகவான் சந்திரர் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே சேவகரின் மகனும் மீனவரின் மகனும் போஸுக்குத் தோழர்கள். ஆற்றைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் அந்தப் பையன்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மீது தமக்கு ஆசை உண்டாக்கின என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

பிறகு கல்கத்தா சேவியர் கல்லூரி. அடுத்து, மருத்துவம் படிக்க லண்டன். போன இடத்தில் காய்ச்சல் விடாமல் வருத்தியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். 1885-ல் ஊர் திரும்பி, கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கேதான் வந்தது சோதனை.

சம்பளமே வேண்டாம்!

வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம். அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி! கணக்குப் பார்த்தால், ரூபாய்க்கு ஐந்தணா நாலு காசு.

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. தினமும் வகுப்புக்குப் போனார். நன்றாகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டு!

வீட்டிலோ பணக்கஷ்டம். தந்தை தொழில்களில் பணம் போட்டுக் கடனாளியாகியிருந்தார். 1887-ல் போஸுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். அப்போது கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. அதனால் சென்னைக்கு வந்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. சம்பளம் வாங்காத கணவரோடு குடும்பம் நடத்திய அந்த அம்மையாரின் பொறுமையைச் சொல்லாமல் போஸின் கதையைச் சொல்ல முடியாது.

கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

குளியலறைப் பக்கத்தில் ஆராய்ச்சி

1894 நவம்பர் 30. அன்று போஸுக்கு 36-வது பிறந்தநாள். இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று அன்று அவர் முடிவு செய்தார். ஆனால் ஆராய்ச்சி செய்ய இடம்? கல்லூரியில் குளியலறையை ஒட்டி 24 சதுர அடியில் ஒரு மூலை இருந்தது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். உதவிக்கு ஆள்? உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர். அவ்வளவுதான்.

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி சில ஆண்டுகளுக்கு முன்புதான் மின் அலைகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். அவருடைய அலைகள் நீளமானவை. அவற்றில் மிகச் சிறியதே அரை மீட்டருக்கு மேல். இந்தச் சின்ன மூலையில் அவ்வளவு நீள அலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போஸ் அலையைச் சுருக்கினார். சுருக்கிச் சுருக்கி 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். அதாவது ஓர் உளுந்தின் அளவு!

அலையைச் செலுத்தக் குழாய் செய்தார். சிதறி வரும் அலையைச் சேர்த்துப் பிடிக்க, எண்ணெய் ஊற்றும் புனல்போல ஒரு கருவி வைத்தார். அலையின் குணத்தைச் சோதிக்க இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். காசு கொட்டி வாங்கிய கருவி எதுவும் இல்லை.

நகர மண்டபத்தில் மணி அடித்ததற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. 20 அடி உயரக் கம்பம். அதன் உச்சியில் ஒரு வட்டத் தகடு. அலையை அனுப்பும் பக்கம் ஒன்று, வாங்கும் பக்கம் ஒன்று. பின்னாளில் வீட்டுக் கூரைமேல் வானொலிக்கு ஏரியல் கட்டினோமே, அதற்கு அது அண்ணன்.

காதைக் கூர்மையாக்கினார்

தூரத்தில் இருப்பவர் பேச்சு கேட்கவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. அவர் உரக்கக் கத்தலாம். அல்லது நாம் காதைத் தீட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் பெரும்பாலும் முதல் வழியில் போனார்கள். போஸ் இரண்டாவது வழியில் பாடுபட்டார்.

அப்போது அலையைப் பிடிக்கும் கருவி ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே இரும்புத்தூள். ஒவ்வோர் அலை வந்தபிறகும் அதைத் தட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த அலை கேட்காது. போஸ் தூளை எடுத்துவிட்டு மெல்லிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கினார். திருகை இலேசாகத் திருப்பினால் சுருள்களின் அழுத்தம் கூடும், குறையும். வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோலத்தான். 1899-ல் இரும்பையும் பாதரசத்தையும் வைத்து இன்னொரு கருவி செய்தார். அதைத் தட்டவே வேண்டாம். பிறகு கலீனா என்ற ஈயக் கனிமத்தை எடுத்து அதையும் அலை பிடிக்க வைத்தார். பிற்காலத்தில் பல நாட்டு வீடுகளில் பாட்டரி இல்லாமலே பாடிய வானொலிப் பெட்டிகளில் இருந்ததும் அந்தக் கனிமம்தான்.

கொற்கை வீட்டில் சிக்னல்

தாமிரபரணி கடலோடு சேரும் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். இன்று கடல் விலகிப்போய், வயலும் வாழையுமாக ஒரு கிராமம். அங்கேயும் சரி, பக்கத்து ஏரலிலும் ஆத்தூரிலும் சரி, வைஃபை வைத்த வீடுகளில் போஸ் கண்ட உண்மைகளைப் பார்க்கலாம்.

வைஃபை அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். வேகமான இன்னொரு வகையில் 5, 6 சென்டிமீட்டர். அலை குறுகினால் வேகமான சேவைக்கு வசதி. ஆனால் சுவரைத் தாண்டும்போது அது சீக்கிரம் சோர்ந்துவிடும். ஓலைத் தட்டியை அலை எளிதாகக் கடக்கும். செங்கல் சுவரில் கொஞ்சம் இளைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் மிகவும் இளைக்கும். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை விழுங்கும்.

ஆகவே ரௌட்டரை இரும்பு பீரோவின் பின்னாலும், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலும், தரையிலும் வைக்கக் கூடாது. வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். அலை கூடுமானவரை ஒரே சுவரைத் தாண்டும்படி பாருங்கள். புறவாசல் திண்ணையில் உட்காரும் ஆச்சிக்கு, வெளிநாட்டுப் பேரனின் முகம் அப்போது விட்டுவிட்டுத் தெரியாது. அதற்கும் எட்டாத பெரிய வீடா? நடுவழியில் இன்னொரு கருவி வைத்து அலையை வாங்கி அனுப்பலாம். அதையும் சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பயனில்லை. நன்றாக வரும் இடத்தில் வைக்க வேண்டும்.

பணம் தேடி வந்தது

1901 மே மாதம். லண்டனில் போஸின் சொற்பொழிவு. அதற்குச் சற்று முன் ஒரு தந்திக் கம்பெனியின் கோடீசுவர முதலாளி ஓடி வந்தார். இரகசியத்தைச் சபையில் சொல்லிவிடாதீர்கள், உரிமைப் பதிவு செய்யுங்கள், ஆளுக்குப் பாதியாக இலாபம் எடுத்துக்கொள்ளலாம் என்று மன்றாடினார். போஸ் சம்மதிக்கவில்லை. கண்டுபிடித்ததை எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

அவருடைய நண்பர்களுக்கு மனம் கேட்கவில்லை. நிவேதிதா அம்மையாரும் அமெரிக்க மாது சாரா புல்லும் விடாமல் வற்புறுத்தினார்கள். எட்டயபுரம் தந்த பாரதியார் குருவாக மதித்தாரே, அதே நிவேதிதாதான். போஸின் நூல்களை எழுதவும் அவர் துணை நின்றார். அவர்கள் முயற்சியால் கலீனா கருவிக்கு அமெரிக்காவில் 1901-ல் மனுப் போட்டு, 1904-ல் உரிமை கிடைத்தது. போஸ் அதிலிருந்து ஒரு காசு தேடவில்லை. உரிமை காலாவதியானது.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த அலையைப் பிடித்தார். உலகமெங்கும் அவர் பெயர் பரவியது. அந்தக் கடல்தாண்டிய மெல்லிய ஒலியைக் கேட்க உதவிய பாதரசக் கருவி போஸ் 1899-ல் வெளியிட்ட கருவியின் வழிவந்ததே என்று 1998-ல் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஏட்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. போஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதற்குள் அவர் மனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஓயாமல் வேலை செய்த அவருடைய கருவிகள் சில நேரம் களைத்துப்போயின. ஓய்வு கொடுத்தால் தெளிந்தன! உயிரில்லாத உலோகத்துக்குக் களைப்பா? அந்தக் கேள்வி அவரைச் செடிகொடிகளிடம் கொண்டுபோயிற்று. தொட்டாற்சிணுங்கியும் முட்டைக்கோசும் அவருடைய மேஜைக்கு வந்தன. செடி வளர்வதைப் பல இலட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியும் பிறந்தது.

1917-ல், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் காலமானார். 79 வயது நிறைய ஏழு நாள்தான் பாக்கி. தகரவேலைக்காரரோடு சேர்ந்து அவர் செய்த அலைக் கருவிகள் அந்த நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.