பிராய்டும் போலி மருத்துவர் வழக்கும்

உளவியல் பயில்கிறேன் என்று சொன்னால், அப்படியானால் நீ டாக்டரா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னாலோ, டாக்டர் இல்லாதவன் நோயாளியைத் தொடலாமா என்ற அடுத்த கேள்வி வந்து விழுகிறது. உளவியல் மாணவர் பலரும் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. இதே கேள்விக்கு மறுமொழியாகத் தம் எழுபதாம் வயதில் ஒரு நூலையே எழுதினார் வியன்னா நகரத்துப் பெரியவர் ஒருவர். அவரே சிக்மண்ட் பிராய்டு.

பிராய்டு தாமே மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1856 மே 6-இல் மொராவியாவிலுள்ள பிரைபெர்க் என்னும் சிற்றூரில், கம்பளி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் குடும்பத்தோடு வியன்னா வந்து சேர்ந்தார். 1873-இல் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர் 1881-இல்தான் பட்டம் பெற்றார். இடையில் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து மீன்களின் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளிகளைப் பார்ப்பதில் அவருக்கு இயல்பான நாட்டம் இருக்கவில்லை. ஆய்வு சோறு போடாது என்ற நிலையில், மணம் முடிக்க வேண்டிய கட்டாயமும் சேரவே, 1886-இல் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு பாரிஸில் சார்கோ என்னும் பேராசிரியரிடம் ஹிஸ்டீரியா நோயாளிகளைக் கண்டிருந்தார். உடலில் பழுதில்லாமலேயே கை கால் முடங்கிய அந்த மனிதர்கள் அவர் வாழ்வின் திசையையே மாற்றினார்கள். நோயாளியைப் பேசவிட்டுக் கேட்கும் உளப்பகுப்பாய்வு முறை பின்னாளில் அங்கிருந்தே கிளைத்தது. மருத்துவக் கல்லூரியில் எவரும் அவருக்குக் கற்பிக்காத கலை அது!

பிராய்டின் மாணவருள் ஒருவர் தியோடர் ரெய்க். 1888-இல் பிறந்த இவர், பிரெஞ்சு எழுத்தாளர் பிளாபேரின் படைப்பை உளவியல் நோக்கில் ஆராய்ந்து 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஊசி போடும் டாக்டர் அல்லர், நம் பேராசிரியர்களைப் போன்ற டாக்டர். மருத்துவமும் படிக்கலாமா என்று எண்ணிய அவரை வேண்டாமென்று தடுத்தவர் பிராய்டுதான். கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து உதவினார். அந்த அறிவுரைதான் பின்னர் வழக்காக மூண்டது.

ஜெர்மனியில் அந்நாளில் யாரும் யாருக்கும் சிகிச்சை செய்யலாம். தீங்கு விளைந்தால் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். ஆஸ்திரியச் சட்டமோ, விளைவு வரும்வரை காத்திராமல், மருத்துவர் அல்லாதவர் சிகிச்சை செய்வதையே குற்றமாக்கியிருந்தது. 1925-இல் வியன்னா நகராட்சி ரெய்க்குக்குத் தடை விதித்தது. நகராட்சியில் செல்வாக்குமிக்க உறுப்பினரான டாக்டர் யூலியஸ் டாண்ட்லருக்குப் பிராய்டு கடிதம் எழுதினார். 1926-இல் நிலை முற்றியது. ரெய்க்கிடம் சிகிச்சை பெற்ற அமெரிக்கர் ஒருவர், அதனால் தமக்குக் கேடு விளைந்ததென்று வழக்குத் தொடுத்தார். போலி மருத்துவர் என்ற பழி ரெய்க் மேல் விழுந்தது.

பிராய்டுக்கு இது மாணவர் ஒருவரின் துன்பம் மட்டுமன்று. அவருடைய மகள் அன்னா பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மருத்துவம் படிக்காதவர், 1923 முதல் நோயாளிகளைப் பார்த்து வந்தார். ரெய்க்கின் கதவைத் தட்டிய சட்டம் நாளை பெர்காஸே தெரு 19-ஆம் எண் வீட்டுக் கதவையும் தட்டலாம். தாடைப் புற்றுநோயால் 1923 முதல் அறுவை மேல் அறுவை கண்டிருந்த அம்முதியவர், 1926-இல் மருத்துவரல்லாதார் உளப்பகுப்பாய்வு பற்றிய நூலை விரைந்து எழுதி வெளியிட்டார்.

நடுநிலையாளர் ஒருவர் கேட்கவும் ஆசிரியர் விளக்கவும் உரையாடலாக அமைந்தது அந்நூல். அவர் வாதம் கூரியது. தேவையான அறிவும் பயிற்சியும் இன்றிச் சிகிச்சையில் இறங்குபவனே போலி. அந்த அளவுகோலால் அளந்தால் பகுப்பாய்வு கற்காமல் அதைச் செய்யும் மருத்துவர்களே போலிகளின் வரிசையில் முன்னே நிற்பார்கள் என்றார். பகுப்பாய்வாளருக்கு எலும்புகளின் பெயர்களைவிடப் புராணமும் சமய உளவியலும் இலக்கியமும் பயன்படும் என்று கருதினார். நம் கலைக் கல்லூரிப் பாடங்களுக்கு இதைவிடப் பெரிய பரிந்துரை ஏது? அதே வேளையில், நோய் உடலைச் சார்ந்ததா மனத்தைச் சார்ந்ததா என்று முதலில் மருத்துவர் ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

ஆயினும் ஓரிடத்தில் பிராய்டோடு எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி வேண்டும் என்றார், சரி. பயிற்சி பெற்றவர் யார் என்று முடிவு செய்யும் உரிமையைத் தம் இயக்கத்தின் பயிற்சிக் கழகங்களிடமே விட்டுவிட விரும்பினார். அரசு விலகி நிற்பதே நலம் என்பது அவர் எண்ணம். கேடுற்றதாகச் சொல்லும் நோயாளி அப்போது யாரிடம் போய் முறையிடுவது? தம்மைத் தாமே சான்றளித்துக்கொள்ளும் கூட்டத்திடமா?

வழக்கு விசாரணைக்கு வராமலேயே கைவிடப்பட்டது. தம் நூலால் அது நடக்கவில்லை என்பதைப் பிராய்டே 1927-இல் எழுதிய பின்னுரையில் ஒப்புக்கொண்டார். அமெரிக்கச் சீடர்களோ அவர் கருத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை.

1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் பிராய்டு லண்டன் சென்றார். 1939 செப்டம்பர் 23-இல் அங்கே மறைந்தார். நியூயார்க் சென்ற ரெய்க்கை அங்குள்ள உளப்பகுப்பாய்வுக் கழகம் மருத்துவர் அல்லர் என்பதால் முழு உறுப்பினராக ஏற்க மறுத்தது. 1948-இல் அவர் தனிக் கழகம் கண்டார். இதற்கிடையே 1945-இல் உளவியலாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க மாநிலமானது கனெக்டிகட். அதன்பின் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் வந்தது. எனினும் உளப்பகுப்பாய்வுக் கழகங்களின் கதவு எளிதில் திறக்கவில்லை. 1985-இல் உளவியலாளர் நால்வர் நீதிமன்றம் ஏறிய பின்னரே அது திறந்தது.

வியன்னாவின் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1990-இல்தான் ஆஸ்திரிய நாடாளுமன்றம் உளவியலாளருக்கு ஒன்றும் உளச்சிகிச்சையாளருக்கு ஒன்றுமாக இரு சட்டங்களை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி, பொதுப் பயிற்சி, சிறப்புப் பயிற்சி என்ற இரு படிகளைக் கடந்தவர் பெயர் அரசுப் பட்டியலில் ஏறியது. மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. ரெய்க் நியூயார்க்கில் காலமாகி அப்போது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.