அல்பேட் ஐன்ஸ்டைன் (1879 – 1955): இலேசருக்கும் அதன் கண்ணுக்கும் வித்திட்டவர்

மாணவர்களே, 2013 ஆம் ஆண்டு யூன் 15 ஆந் திகதி, ஆளில்லாத ஒரு சரக்கு விண்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தைத் தானாகவே நெருங்கிச் சென்று இணைந்தது. இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 28 000 கிலோமீற்றர் வேகத்தில் புவியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இறுதிக் கட்டத்தில் கலத்துக்கு வழிகாட்டியவை இலேசர் ஒளித் துடிப்புகளும் அவற்றைப் பிடித்த விம்ப உணரியுமே. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் அக்கலத்துக்கு இட்ட பெயர் அல்பேட் ஐன்ஸ்டைன். இலேசரைத் தம் வாழ்நாளில் காணாத ஒருவரின் பெயர் அதற்கு ஏன் பொருந்தும் என்பதை அவரது வாழ்க்கையினூடாகப் பார்ப்போம்.

ஐன்ஸ்டைன் 1879 மார்ச் 14 ஆந் திகதி ஜேர்மனியிலுள்ள உல்ம் நகரிற் பிறந்தார். அடுத்த ஆண்டிலேயே குடும்பம் மியூனிச் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஹேர்மனும் சிறிய தந்தை ஜேக்கப்பும் அங்கு மின் உபகரணங்கள் செய்யும் நிறுவனமொன்றை நடத்தினர். நகருக்கு மின்விளக்கிடும் ஒப்பந்தம் கைநழுவிப் போனதால் தொழில் நொடித்தது. 1894 இல் பெற்றோர் இத்தாலிக்குச் சென்றுவிட, படிப்பை முடிப்பதற்காக மகன் தனியே விடப்பட்டார். சில மாதங்களில் அவரும் பாடசாலையை விட்டு நீங்கினார்.

பரீட்சைக்கு ஆயத்தமாகும் நீங்கள் அடுத்த செய்தியைச் சற்று நிதானமாக வாசியுங்கள். 1895 இல், 16 வயதில், சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்தொழினுட்பக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு ஐன்ஸ்டைன் தோற்றினார். வழமையான வயதிலும் அவருக்கு இரண்டு வயது குறைவு. கணிதத்திலும் பௌதிகவியலிலும் சிறந்த புள்ளிகள் பெற்றும், பொதுப்பாடங்களில் தவறியதால் அவர் சித்தியடையவில்லை. ஆராவ் என்னும் ஊரின் பாடசாலையில் ஓராண்டு கற்று, 1896 இல் அதே கல்லூரியிற் சேர்ந்தார். அவர் கணிதத்தில் தவறினார் என்று பலர் கூறுவதுண்டு, அது பிழை. ஆராவ் பாடசாலைச் சான்றிதழில் அட்சரகணிதத்துக்கும் கேத்திரகணிதத்துக்கும் அவர் பெற்றது 6. அங்கு 6 என்பதே அதிகூடிய புள்ளி.

1900 இல் பட்டம் பெற்ற பின்னரும் வேலை கிடைக்கவில்லை. மகன் படும் துன்பத்தைப் பொறுக்காத தந்தை, 1901 இல் மகனுக்குத் தெரியாமல், ஒஸ்வால்ட் என்ற புகழ்பெற்ற இரசாயனவியலாளருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அதனால் வேலை எதுவும் கிடைக்கவில்லை. (1910 இல் நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைனின் பெயரை முதன்முதலில் முன்மொழிந்தவர் இதே ஒஸ்வால்ட்தான். ஆனால் தந்தை 1902 இலேயே காலமாகிவிட்டார்.) ஈற்றில் வகுப்புத் தோழர் குறொஸ்மனின் குடும்பம் உதவியதால் பேர்ண் நகர ஆக்கவுரிமைக் காரியாலயத்தில் மூன்றாந் தரத் தொழினுட்ப நிபுணர் பதவி கிடைத்தது.

அங்கு வேலை செய்துகொண்டே 1905 இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்று ஒளிமின் விளைவு பற்றியது. உலோகத்தின் மீது ஒளி படும்போது இலத்திரன்கள் வெளியேறுவதே இவ்விளைவு. இதை 1887 இல் ஹேட்ஸ் முதன்முதலில் அவதானித்தார். பின்னர் லெனாட் விரிவாக ஆராய்ந்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளியேறும் இலத்திரன்களின் எண்ணிக்கை கூடியது; ஒவ்வோர் இலத்திரனும் பெறும் சக்தி கூடவில்லை. ஒளி அலை மட்டுமே எனில் இதை விளக்க முடியாது.

ஐன்ஸ்டைன் கூறிய விடை, ஒளிச்சக்தி சிறு பொதிகளாக வருகின்றது என்பதாகும். ஒரு பொதியின் சக்தி ஒளியின் மீடிறனுக்கு நேர்விகித சமமானது. இப்பொதியை இன்று போட்டன் என்கிறோம். உயர்ந்த கிளையிலுள்ள மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். கைப்பலம் போதாவிட்டால் அவன் நூறு கல் எறிந்தாலும் ஒன்றேனும் கிளையை எட்டாது. போதிய சக்தியற்ற போட்டன்கள் எத்தனை கோடி விழுந்தாலும் இலத்திரன் வெளியேறாது.

இதை அன்று பலர் ஏற்கவில்லை. அமெரிக்கரான மில்லிக்கன் பல ஆண்டுகள் பரிசோதித்து 1916 அளவில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரியெனக் காட்டினார். அப்போதும் ஒளிப்பொதி என்ற கருத்தை அவர் நம்பவில்லை. 1921 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1922 இல் ஐன்ஸ்டைனுக்கு அறிவிக்கப்பட்டது. சார்புக் கொள்கைக்காக அது கிடைத்தது என எழுதுவது மாணவர் விடும் பொதுவான தவறாகும். பரிசுக்குரிய காரணமாகச் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது ஒளிமின் விளைவின் விதியே.

அவ்வேளை அவர் கப்பலில் யப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒக்டோபர் மாத இறுதியில் கொழும்பிலும் இறங்கினார். மனிதர் இழுக்கும் றிக்‌ஷாவில் ஏறியதற்காக வெட்கப்பட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். இந்நாட்டு மக்களைப் பற்றிய இழிவான குறிப்புகளும் அதே நாட்குறிப்பில் உள்ளன. பெரியவர் என்பதற்காக அதை மறைத்து எழுதுவது முறையன்று.

இலேசருக்கான வித்து 1916 – 17 இல் வெளிவந்த வேறொரு கட்டுரையில் உள்ளது. சக்தி கூடிய நிலையிலுள்ள அணுவை, பொருத்தமான மீடிறனுடைய போட்டன் ஒன்று தூண்டினால், அவ்வணு அதே திசையில் அதே மீடிறனுடைய இன்னொரு போட்டனைக் காலும் என அவர் காட்டினார். இதுவே தூண்டிய காலல். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் இந்த ஒளியை மைமான் என்பவர் 1960 இல் மாணிக்கப் பளிங்கைக் கொண்டு உண்டாக்கினார்.

அதற்கு ஐந்தாண்டுகளின் முன்னரே, 1955 ஏப்ரல் 18 இல், ஐன்ஸ்டைன் அமெரிக்காவில் காலமாகிவிட்டார். நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933 இல் அவர் ஜேர்மனியைக் கைவிட்டிருந்தார். 1939 இல் அணுகுண்டு பற்றி அமெரிக்க சனாதிபதிக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் ஒப்பமிட்டதற்காகப் பின்னர் வருந்தினார். இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அவர் ஒப்பமிட்டது அணுவாயுதப் போருக்கு எதிரான அறிக்கையொன்றில். ஆனால் அவரது ஒளியும் போருக்குச் சென்றது. 1968 இல் வியட்நாமில் இலேசரால் வழிகாட்டப்படும் குண்டுகள் பயன்படுத்தப்பட்டன. இலக்கில் பட்டுத் தெறிக்கும் துடிப்புகளை, நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட ஓர் ஒளியுணரி பிடித்தது. கூடுதலான ஒளி விழுந்த பக்கம் குண்டு திரும்பியது.

நான்கு பகுதிகளுக்குப் பதிலாக இலட்சக்கணக்கான நுண்கலங்களைக் கொண்டதே விம்ப உணரி. 1969 இல் பொயில், சிமித் ஆகியோர் இத்தகைய உணரிக்கு அடிப்படையான சிலிக்கன் சாதனத்தை உருவாக்கினர். ஒவ்வொரு கலமும் போட்டன்களால் விடுவிக்கப்படும் இலத்திரன்களைச் சேர்த்து வைக்கும். ஆகவே ஒளிப்புள்ளி எங்குள்ளது என்பதோடு, சூழவுள்ள காட்சியும் தெரியும். ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு துடிப்பு செக்கனின் 10 கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கலாம். சாதாரண கமரா செக்கனுக்கு 25 படங்கள் எடுப்பின், ஒரு படத்துக்குரிய நேரத்தில் துடிப்பின் பங்கு என்ன? கணித்துப் பாருங்கள், 40 இலட்சத்தில் ஒன்று. மீதி நேரமெல்லாம் சூரிய ஒளியே கலங்களை நிரப்பும். எனவே துடிப்பு வரும் கணத்தில் மட்டும் உணரியைத் திறக்கின்றனர். செக்கனின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் சூரிய ஒளி 40 000 மடங்கு குறையும்; துடிப்போ முழுதாகக் கிடைக்கும். இலேசரின் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியும் உதவும்.

இங்கும் 1905 இன் விதியை மீற முடியாது. 1064 நனோமீற்றர் அலைநீளமுடைய இலேசரின் போட்டனுக்கு ஏறத்தாழ 1.17 இலத்திரன்வோல்ற்று சக்தி உண்டு. சிலிக்கனில் இலத்திரனை விடுவிக்க 1.12 தேவை. மயிரிழையில் அது தப்புகிறது. 1550 நனோமீற்றர் ஒளிக்கு 0.8 மட்டுமே, கற்றையை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் சிலிக்கன் கண்ணுக்கு அது இருட்டுத்தான். அதற்கு வேறு குறைகடத்தி வேண்டும்.

இனி அந்த விண்கலத்துக்கு வருவோம். ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் 26 தெறிப்பிகள் விண்வெளி நிலையத்திற் பொருத்தப்பட்டிருந்தன. கடைசி 250 மீற்றர் அளவில் கலம் அவற்றின் மீது இலேசர்த் துடிப்புகளைச் செலுத்த, அவை விம்பத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றின. புள்ளிகளின் இடைவெளி கூடுவதைக் கொண்டு தூரமும், புள்ளிக்கோலம் சரிவதைக் கொண்டு கலத்தின் சாய்வும் கணிக்கப்பட்டன. நீங்கள் கற்கும் இயல்பொத்த முக்கோணிகளே இதற்கு அடிப்படை. செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து சென்று கலம் இணைந்தது. கொண்டுவந்த பொருள்களை இறக்கியபின், நிலையத்தின் கழிவுகளை ஏற்றிக்கொண்டு ஒக்டோபர் 28 இல் பிரிந்து, நவம்பர் 2 ஆந் திகதி பசுபிக் சமுத்திரத்துக்கு மேலே எரிந்துபோனது.