யார் இந்த தாமஸ் வேக்லி? சட்டம் படிக்காமலேயே மரண விசாரணை நாற்காலியைப் பிடித்த டாக்டர்!

கொரோனா காலத்தில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் 'தி லான்செட்'. உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒன்று. அதைத் தொடங்கியவர் தாமஸ் வேக்லி என்ற லண்டன் டாக்டர். இவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. ஒருத்தர் எப்படி இறந்தார் என்பதை விசாரிக்க வேண்டியது வக்கீலா, டாக்டரா?

எரிந்துபோன வீடு

1795-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், விவசாயக் குடும்பத்தில் 11 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் வேக்லி. லண்டனில் படித்து 1817-ல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆனார். 1820-ல் கல்யாணம். ஆர்கைல் தெருவில் வீடு, கிளினிக் என எல்லாம் நல்லபடியாகப் போனது. ஆனால் சில மாதங்கள்தான்.

அந்த ஆண்டு மே மாதம், அமைச்சர்களைக் கொல்லச் சதி செய்ததாக 5 பேர் லண்டனில் தூக்கிலிடப்பட்டனர். பிறகு முகமூடி போட்ட ஒருவர் அவர்களின் தலைகளைத் துண்டித்தார். அது வேக்லிதான் என்று வதந்தி பரவியது. ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில் அவர் தாக்கப்பட்டார், வீடு தீக்கிரையானது. அவரே கொளுத்திக்கொண்டார் என்று சந்தேகப்பட்டு காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. வேக்லி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்.

பத்திரிகையும் வழக்கும்

1823 அக்டோபரில் 'தி லான்செட்' வெளியானது. பெரிய டாக்டர்கள் காசு வாங்கிக்கொண்டு நடத்திய வகுப்புகளை அப்படியே அச்சிட்டார். சொந்தக்காரர்களுக்கே ஆஸ்பத்திரி வேலை போவதையும் போட்டு உடைத்தார். வழக்குகள் குவிந்தன.

1828-ல் நடந்தது பெரிய வழக்கு. சில நிமிடங்களில் முடிய வேண்டிய சிறுநீர்ப்பைக் கல் ஆபரேஷன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இழுத்தது, நோயாளி இறந்துபோனார். ஆபரேஷன் செய்த பிரான்ஸ்பி கூப்பர், புகழ்பெற்ற டாக்டர் ஆஸ்ட்லி கூப்பரின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அந்த உறவால்தான் அவருக்குப் பதவி கிடைத்தது என்று லான்செட் எழுதியது. கூப்பர் 2,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார் வேக்லி. தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான் வந்தது. ஆனால் நடுவர் குழு விதித்தது வெறும் 100 பவுண்டு. அதையும் ஆதரவாளர்களே வசூல் செய்து கட்டினார்கள்.

கரோனர் என்றால் யார்?

இங்கிலாந்தில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிதான் கரோனர். அந்தக் காலத்தில் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் வக்கீல்களே வருவார்கள். விஷமா, நோயா, அடியா என்று உடலைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர் விசாரித்தால் உண்மை எப்படி வெளியே வரும் என்பதுதான் வேக்லியின் கேள்வி.

1830-ல் ஒரு வக்கீலை எதிர்த்துப் போட்டியிட்டு, கொஞ்சம் ஓட்டில் தோற்றார். 1835-ல் எம்.பி. ஆனார். மரண விசாரணையில் சாட்சி சொல்லும் டாக்டர்களுக்குக் கட்டணம் தரும் சட்டத்தை அடுத்த ஆண்டே நிறைவேற வைத்தார். ஏன் இது முக்கியம்? அதுவரை டாக்டர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, இலவசமாக வந்து நிற்க வேண்டியிருந்தது. 1839-ல் மேற்கு மிடில்செக்ஸ் பகுதியின் கரோனர் பதவி வேக்லிக்குக் கிடைத்தது. 1840-ல் அவர் நடத்திய ஒரு குழந்தை மரண விசாரணையில் நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்தவர், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ்!

150 கசையடி

1846 ஜூன். ஹவுன்ஸ்லோ ராணுவ முகாமில் ஃபிரெடரிக் ஒயிட் என்ற சிப்பாய்க்கு 150 கசையடி கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அவர் இறந்தார். சாவுக்கும் அடிக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார்கள் ராணுவ டாக்டர்கள். ஆனால் உள்ளூர் பாதிரியாருக்குச் சந்தேகம். அடக்கம் செய்யும் முன் கரோனருக்குத் தகவல் அனுப்பினார்.

வேக்லி ராணுவத்தின் பிரேதப் பரிசோதனையோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் நோய் நிபுணரை வரவழைத்தார். முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள் சிதைந்திருப்பதை அவர் காட்டினார். கசையடியால்தான் மரணம் என்று நடுவர் குழு முடிவு சொன்னது. நாடே கொந்தளித்தது. அதன்பின் ராணுவத்தில் அதிகபட்சம் 50 அடிதான் என்று குறைக்கப்பட்டது. 1881-ல் கசையடியே ஒழிந்தது. ஆனால் அதைப் பார்க்க வேக்லி இல்லை. 1862-ல் மதீரா தீவில் காலமானார், சாகும்வரை கரோனராகவே இருந்தார்.

இன்றைய நிலை என்ன?

பின்னாளில் டாக்டர், வக்கீல் இருவருமே கரோனர் ஆகலாம் என்ற விதி நடைமுறையில் இருந்தது. 2013 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் அது மாறிவிட்டது. புதிதாக வருபவருக்குச் சட்டத் தகுதி கட்டாயம். மருத்துவப் பட்டம் மட்டும் போதாது.

அப்போ, வேக்லி இன்று விண்ணப்பித்தால்? நிராகரித்துவிடுவார்கள். டாக்டராக இருந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டால், சட்டமும் படித்தே ஆக வேண்டும். அங்கே மருத்துவம், சட்டம் இரண்டும் முடித்தவர்களுக்கு இருக்கும் வேலைகளில் கரோனர் பதவியும் ஒன்று.