கையில் பூசிய கறுப்பு மை: வெயிலைப் படித்த நீல்ஸ் பின்சன்

1890களின் தொடக்கத்தில், டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில், ஓர் இளம் வைத்தியர் தன் முன்கையில் கறுப்பு மையால் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பட்டி பூசினார். சித்திரம் வரைபவர்கள் பாவிக்கும் இந்திய மை அது. பிறகு மூன்று மணித்தியாலம் நல்ல வெயிலில் கையை வைத்திருந்தார். மையைக் கழுவியபோது அதன் கீழிருந்த தோல் பழையபடி வெள்ளையாகவே இருந்தது. அதன் இரு பக்கமும் சிவந்து வீங்கி எரிந்தது. சில நாட்களில் சிவப்பு இறங்கி அந்த இடங்கள் கறுத்தன. அவர் அத்தோடு விடவில்லை. மை பூசாமலே அதே கையை மறுபடி வெயிலில் காட்டினார். முதல்முறை தப்பிய வெள்ளைப் பட்டி இப்போது வெந்தது. கறுத்திருந்த பகுதிகள் இன்னும் கொஞ்சம் கறுத்தன, எரியவில்லை.

அந்த வைத்தியர் நீல்ஸ் பின்சன். தோலின் கறுப்பு வெயிலுக்கு எதிராக உடம்பு பிடிக்கும் குடை என்பதைத் தன் கையிலேயே காட்டியவர்.

வெயில் குறைந்த இடத்தில் பிறந்தவர் வெயிலைப் படிக்க வந்ததில் ஆச்சரியம் இல்லை. வட அத்திலாந்திக்கில் மேகமும் காற்றும் சூழ்ந்த பரோயே தீவுகளின் தோர்ஷவ்ன் நகரில் 1860 டிசம்பர் 15ஆம் திகதி பிறந்தார். குடும்பம் ஐஸ்லாந்து வழி வந்தது. டென்மார்க்கில் விடுதிப் பாடசாலை ஒன்றில் சேர்த்தார்கள். நல்ல மனசுள்ள பிள்ளை, ஆனால் திறமையும் உற்சாகமும் குறைவு என்பது அங்கிருந்த அதிபரின் முடிவு. ஐஸ்லாந்துக்கு மாற்றப்பட்டு, றெய்க்யவிக்கில் படித்துத் தேறி, 1882இல் மருத்துவம் படிக்கக் கொப்பன்ஹேகன் வந்தார். 1890இல் வைத்தியரானார்.

அதற்கு முன்பே நோய் பிடித்துவிட்டது. ஈரல், இதயம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள சவ்வுகள் மெல்ல மெல்லத் தடிக்கும் நோய். வயிற்றில் நீர் கோத்தது, எப்போதும் களைப்பு. அவர் இருந்த வீடு வடக்குப் பார்த்தது, வெயில் படாது. வெயிலில் இருந்தால் தனக்குச் சுகமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பூனை, நிழல் நெருங்க நெருங்க எழுந்து வெயிலுக்குள் தள்ளிப் படுப்பதைக் கவனித்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பூனையைப் பார்த்து ஆராய்ச்சிக்கு வந்தவர் என்று எழுதுவது எளிது. உண்மையில் தன் உடம்பைப் பார்த்து வந்தவர்.

அக்காலத்தில் பயணிகளுக்கு ஒரு புதிர் இருந்தது. அல்ப்ஸ் மலைப் பனியில் ஏறுபவர்கள் குளிரில் நடுங்குவார்கள். மாலையில் பார்த்தால் முகம் வெந்து தோல் உரியும். துருவப் பயணிகளுக்கும் அதே கதி. வெப்பம் சுடுகிறது என்றால் பனியில் ஏது வெப்பம்? சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் யோஹான் விட்மார்க் 1889இல் இதற்கு விடை சொன்னார். தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள். புதுப் பனி அவற்றில் 80 சதவீதம் வரை திருப்பி வீசுகிறது என்பதை இன்று அறிவோம். பின்சன் இதைப் பிடித்துக்கொண்டுதான் மை பூசினார்.

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போனவர்கள் இந்தப் புதிரை அனுபவித்திருப்பார்கள். கடற்காற்றில் வெயில் உறைக்காது. வீடு வந்து குளிக்கும்போதுதான் கழுத்தும் தோளும் எரியும். ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம், குளிர்நாட்டில் வளர்ந்த அவர்களின் தோல் இந்த வெயிலுக்குப் பழகியிராது. மெல்லிய மேகமும் இந்தக் கதிர்களை விட்டுவிடும். கொழும்பு பஸ்ஸின் யன்னல் கண்ணாடி ஒரு பகுதியைத் தடுக்கும், மற்றப் பகுதி உள்ளே வரும். சூடு தெரிகிறதா என்று பார்த்துக் குடை விரிப்பவர் பிந்திவிடுவார். காலை 10 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையில் பயணம் என்றால் நீளக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை; திறந்த இடங்களுக்கு எஸ்பிஎப் 30க்குக் குறையாத சன் கிறீம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கும் முன்பே.

பின்சனின் முதல் யோசனையும் வெயிலைத் தடுப்பதுதான். பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரையிட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்றார். சில காலம் பின்பற்றினார்கள், பிறகு கைவிட்டார்கள். அவர் பேரை நிலைக்க வைத்தது அடுத்த வேலை. தோலைச் சுடும் அதே ஒளியை வைத்தியமாக்கினார். தோலில் வரும் காசநோய் அன்று ஐரோப்பாவில் பலரின் மூக்கையும் உதட்டையும் கன்னத்தையும் அரித்தது. அவர்கள் ஆட்களுக்கு முன் வரமாட்டார்கள், வேலை கிடைக்காது. முகத்தில் காயப்பட்டவர்கள் சந்தைக்குப் போகத் தயங்குவதைப் பார்த்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

1895இல் முதல் நோயாளி. 1896இல் அவர் பெயரில் ஒளி நிறுவனம். காபன் வில் விளக்கின் ஒளியைக் குவார்ட்ஸ் வில்லைகள் ஊடாகக் குவித்து, நீரால் குளிர்த்தி, புண்ணில் விழச் செய்தார்கள். ஒரு தாதி வில்லையைத் தோலில் அழுத்திப் பிடித்தபடி ஒரு மணித்தியாலமளவில் இருப்பார். மாதக்கணக்கில் நாளாந்தம் இது. முதல் சில ஆண்டுகளில் வந்த எண்ணூறு பேரளவில் பெரும்பாலோர் குணமானார்கள். 1900இல் டென்மார்க்கில் பிறந்த அலெக்சான்ட்ரா, பின்னாளில் பிரித்தானிய மகாராணி, அந்த விளக்கை லண்டனுக்குக் கொண்டுபோனார்.

1903இல் நோபல் பரிசு. டென்மார்க்குக்குக் கிடைத்த முதலாவது. சக்கர நாற்காலியில் இருந்தவரால் வாங்கப் போக முடியவில்லை. கடைசி மாதங்களில் தான் தின்னும் உப்பையும் குடிக்கும் நீரையும் அளந்து எழுதி, தன் நோய் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். 1904 செப்டம்பர் 24ஆம் திகதி, 43 வயதில் காலமானார்.

மை பூசிய கையை நம் ஊர்களில் யாரும் பாடமாகச் சொல்வதில்லை. வெயிலுக்குள் திரிந்தால் கறுத்துவிடுவாய் என்று பெண்பிள்ளைகளை மறித்து, வெளுப்பாக்கும் கிறீம்களுக்குக் காசு கொடுக்கிறோம். வெள்ளைக்காரர் ஒருவர் மை தடவிப் பார்க்க வேண்டியிருந்ததை நம் தோல் பிறப்பிலேயே வைத்திருக்கிறது. முழுக் காப்பு அல்ல. கறுத்த தோலும் எரியும். செல் காயமோ எரிகாயமோ ஆறிய இடங்களிலும், தோல் ஒட்டிய இடங்களிலும் அந்த நிறமி சீராக இராது. அங்கே வெயில் சீக்கிரம் சுடும், புதுத் தழும்பு திட்டாகக் கறுக்கும். பயணத்தில் முதலில் மூடவேண்டியது அந்த இடங்களைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980களில் இருந்து டென்மார்க்கில் குடியேறிய நம் ஆட்களுக்கு, அந்த மெலிந்த வெயிலில் இதே கறுப்பு விற்றமின் டி சுரப்பதை மெதுவாக்குகிறது. அங்குள்ள வைத்தியர்கள் குளிர்காலத்தில் அதற்குக் குளிசை எழுதுகிறார்கள். கொப்பன்ஹேகனின் பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில், 1909இல் வைத்த பின்சன் நினைவுச் சிலை இன்னும் நிற்கிறது. அதில் அவர் உருவம் இல்லை. வெளிச்சத்தை நோக்கி உடம்பை நீட்டும் மூன்று பேர்.