ஆரணி தறி முடிச்சு முதல் கணித முடிச்சு வரை: யார் இந்த சி.பி.ராமானுஜம்?

ஆரணியில் பட்டுத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே ஒரு முடிச்சு போடுவார். இழைக்கு இரண்டு முனை இருக்கும் வரை, பொறுமை இருந்தால் எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடலாம். ஆனா, அந்த இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால்? அப்போ அவிழ்க்கவே முடியாத முடிச்சுகளும் உண்டு. கணிதத்தில் முடிச்சு என்பது இதைத்தான். இந்தத் துறையில் முக்கியமான ஒரு தேற்றத்தில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

யார் இவர்?

சீனிவாச ராமானுஜன் இல்லை, இவர் சி.பி.ராமானுஜம். 1938-ல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் படித்து, 1957-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஜெர்மன் மேதை சீகல் விட்டுச்சென்ற ஒரு எண் கணிதப் புதிரை 20-களிலேயே தீர்த்தார்.

முடிச்சுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பள்ளியில் வரையும் y²=x³ வளைகோட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கூர்முனை இருக்கும். x, y இரண்டையும் கலப்பெண்களாக எடுத்துக்கொண்டு, அந்த முனையைச் சுற்றி ஒரு சின்னக் கோளம் போட்டால், கோளத்தில் வளைகோடு வெட்டும் இடம் ஒரு மூடிய கயிறு. அது மூன்று இடத்தில் தன்னைத்தானே தாண்டும் முடிச்சு! xy=0 என்றால், சங்கிலி மாதிரி கோத்த இரண்டு வளையங்கள்.

சரி, சமன்பாட்டை மெல்ல மாற்றினால் முடிச்சும் மாறுமா? இப்படிப்பட்ட ஒவ்வொரு முனைக்கும் 'மில்னர் எண்' என்று ஒன்று உண்டு. அந்த எண் மாறாவிட்டால் முடிச்சும் மாறாது என்று வியட்நாமில் பிறந்த லே டுங் ட்ராங்குடன் சேர்ந்து நிரூபித்தார் ராமானுஜம். அதிக பரிமாணங்களுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு பரிமாணம் மட்டும் இந்த நிரூபணத்துக்குள் வரவில்லை.

நோயோடு ஒரு போராட்டம்

1964 முதல் மனச்சிதைவு நோய் அவரை வாட்டியது. சண்டிகரில் கிடைத்த பேராசிரியர் பணியை சில மாதங்களிலேயே விட வேண்டியதாயிற்று. நோய் தணிந்த இடைவெளிகளில்தான் பெரிய வேலைகளைச் செய்தார். 1971-ல் வெளியான 'ராமானுஜம் பரப்பு' அதில் ஒன்று.

1974 அக்டோபர் 27-ல் பெங்களூருவில் காலமானார். வயது 36. லேயுடன் எழுதிய அந்தக் கட்டுரை 1976-ல்தான் அச்சில் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. 'லே–ராமானுஜம் தேற்றம்' என்ற பெயரில் கணித ஆய்வாளர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.