உதைக்கும் பீரங்கியை அடக்கிய எரிக்சன்

துப்பாக்கியால் சுட்டால் தோளில் ஓர் இடி விழும். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. சிறு துப்பாக்கிக்கே இந்தப் பாடு என்றால், 7 டன் எடையுள்ள கப்பல் பீரங்கி எப்படி உதைக்கும்? அந்த உதையைச் சிறு அறைக்குள் அடக்கியவர்தான் ஜான் எரிக்சன்.

1803-ல் சுவீடனில் பிறந்தார். இங்கிலாந்துக்குப் போய் ரெயில் என்ஜின் செய்தார். 1829-ல் நடந்த பந்தயத்தில் ஸ்டீபன்சனிடம் தோற்றார். 1839-ல் அமெரிக்கா சேர்ந்தார்.

வீண் பழி

அங்கே பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு பெரிய பீரங்கிகள். ஒன்று எரிக்சனுடையது. மற்றொன்று கப்பல் தலைவர் ஸ்டாக்டன் செய்வித்தது. 1844-ல் ஸ்டாக்டனின் பீரங்கி வெடித்துச் சிதறியது. இரண்டு மந்திரிகள் உள்பட 6 பேர் மாண்டனர். வெடித்தது எரிக்சனின் பீரங்கி அல்ல. ஆனாலும் பழியின் நிழல் அவர்மேல் விழுந்தது. உழைப்புக்கு உரிய பணமும் கிடைக்கவில்லை.

மீண்டும் அழைப்பு

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்பகுதியினர் இரும்புக் கவசக் கப்பல் கட்டினர். கடற்படைக்கு எரிக்சனின் உதவி தேவைப்பட்டது. கப்பல் தோற்றால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை. எரிக்சன் சம்மதித்தார். சுமார் 100 நாளில் 'மானிட்டர்' கப்பல் கடலில் இறங்கியது.

அதன் நடுவே சுழலும் இரும்புக் கோபுரம். உள் அகலம் 20 அடிதான். அதற்குள் இரண்டு பீரங்கிகள். ஒவ்வொன்றின் நீளமும் 13 அடிக்கு மேல்! குண்டைவிடப் பீரங்கி ஏறக்குறைய 100 மடங்கு கனம். ஆகவே குண்டின் வேகத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் அது பின்னே வரும். ஆனால் வருவது 7 டன் இரும்பு அல்லவா? எதிரே நிற்பவன் கதி என்ன?

பழைய கப்பல்களில் தடித்த கயிறுகளால் பீரங்கியைக் கட்டி நிறுத்துவார்கள். எரிக்சன் வேறு வழி கண்டார். இறக்கத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கட்டையால் அழுத்தி நிறுத்துகிறோமே, அதே தத்துவம். கைச்சக்கரத்தைத் திருகினால், பீரங்கி வண்டியின் அடியில் உள்ள பிடி இறுகும். அந்த உராய்வு உதையை விழுங்கிவிடும்.

தலைகீழ்த் திருகல்

சோதனை நாளில் ஒரு வேடிக்கை. பொறியாளர் ஸ்டைமர்ஸ் கைச்சக்கரத்தைத் தவறான பக்கம் திருப்பினார். பிடி தளர்ந்தது. பீரங்கி பாய்ந்து வந்து பின்சுவரில் மோதியது! அடுத்த பீரங்கிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். அதன் அமைப்போ முதல் பீரங்கிக்கு நேர்மாறு. அதுவும் சுவரில் மோதியது! நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

1862 மார்ச் 9-ந் தேதி மானிட்டர் எதிரியின் கவசக் கப்பலைச் சந்தித்தது. சுமார் 4 மணி நேரம் போர். இரண்டும் மூழ்கவில்லை. ஆனால் அந்தச் சிறு கோபுரத்திலிருந்து பீரங்கிகள் விடாமல் முழங்கின. எரிக்சன் பெயர் உலகெங்கும் பரவியது.

அந்த ஆண்டின் கடைசி நாளில் புயலில் மானிட்டர் மூழ்கியது. 2002-ல் கோபுரத்தைக் கடலிலிருந்து தூக்கினார்கள். உள்ளே இரண்டு பீரங்கிகளும் இருந்தன.

எரிக்சன் 1889-ல் நியூயார்க்கில் காலமானார். மறு ஆண்டு அவர் உடலை அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று மரியாதையோடு சுவீடனுக்குக் கொண்டு சென்றது. ஒரு காலத்தில் கூலி தர மறுத்த அதே கடற்படையின் கப்பல்தான் அது!